சிவப்பின் மேல் சிவப்பு

ஹுமைரா அந்த இரும்பு மில்லுக்குள் முதல் தடவை கால் வைத்த காலையிலேயே ஒரு கம்பி கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. உலையிலிருந்து வெளியே வந்து, வரிசையாக நின்ற இரும்பு உருளைகளுக்கு நடுவே மெலிந்து நீண்டு ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பழுத்த கம்பி. எங்கோ முனை தட்டியது. பாம்பு தலையைத் தூக்குவதுபோல நிமிர்ந்து, தகரத்தில் ஓட்டை போட்டு, திரும்பக் கீழே விழுந்து சுருண்டது. நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஒருவனுடைய சட்டைக் கை பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவன் ஈரச் சாக்கால் அவனை மாற்றி மாற்றி அடித்து நெருப்பை அணைத்தான். அடி வாங்கியவன் கையை உதறிவிட்டுச் சிரித்தான்.

மேலே கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து மில்லை ஓட்டுகிற அன்புராஜ், அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பயந்துட்டீங்களா மேடம்? அப்பப்போ இப்டித்தான் பிச்சிக்கினு வரும். ஆளு மேல படாத வரைக்கும் ஒண்ணும் பேஜாரு இல்ல."

"பட்டா?"

"பட்டா ஆளு இல்ல."

அது 2007. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த மில்லின் பழைய சுவிட்சு மேசையை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் வைக்கும் வேலையை அம்பத்தூரில் தானியேல் என்பவரின் கம்பெனி எடுத்திருந்தது. வயர், மோட்டார் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்கிரீனில் எது எங்கே இருக்க வேண்டும், என்ன நிறத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் என்பது மட்டும் ஹுமைராவின் பொறுப்பு. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் சஹாபுதீனின் மகள். அதுவரை கல்யாண மண்டபங்களுக்கும் துணி ஏற்றுமதிக்காரர்களுக்கும் வெப்சைட் வரைந்துகொண்டிருந்தவள். அங்கே ஒரு பொத்தான் இடம் தவறினால் யாரோ சலித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அவள் உடனே எதையும் வரையவில்லை. தினமும் பொன்னேரியில் ரயில் ஏறி வந்து, அன்புராஜின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தாள். அது எப்போதும் கீழே ஓடும் நெருப்பின் மேல்தான் இருந்தது. மேசை மேல் இருந்த விளக்குகளை ஒரு கண் சிமிட்டும் நேரம் பார்ப்பார், உடனே மீண்டும் நெருப்பு. அந்த ஒரு பார்வையில் விஷயம் தெரிந்தாக வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. பஸ்ஸர் வைத்துப் பயனில்லை. மில் ஓடும்போது பக்கத்தில் கத்துகிறவன் குரலே கேட்காது.

காகிதத்தில் பென்சிலால் கட்டங்கள் போட்டாள். ஒரு ஜோடி உருளைக்கு ஒரு கட்டம், கெட்டதாக வைத்துக்கொள்ளும் ஒன்றில் மட்டும் சிவப்பு. அதைக் கேபின் மேசையில் ஒட்டிவிட்டு அன்புராஜை வேறு பக்கம் திரும்பச் சொல்வாள்.

"இப்போ பாருங்க அண்ணா. போதும், திரும்பிக்கோங்க. எது கெட்டுப்போயிருக்கு?"

"நாலாவது."

அடுத்த காகிதம். அடுத்தது. எழுத்தைக் குறைத்தாள், கட்டத்தைப் பெரிதாக்கினாள், எண்களை ஓரத்துக்குத் தள்ளினாள். கவரைப்பேட்டையிலிருந்து அன்புராஜோடு ஒரே ரயிலில் வருகிற கலியன், நாஷ்டா நேரத்தில் மேலே வந்து இந்த விளையாட்டைப் பார்ப்பான். அவன் கீழே நான்காவது உருளைகளின் பக்கத்தில் வேலை செய்பவன். ஊரில் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் லீவு கேட்டு முதலாளியிடம் திட்டு வாங்குவான்.

"என்னியும் கேளு மேடம்," என்பான். அவனும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரியாகச் சொல்வான்.

கடைசியில் வந்த ஸ்கிரீன் கரிச்சாம்பல் நிறத்தில் இருந்தது. மங்கலான கட்டங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் வரைக்கும் அதில் ஒரு நிறமும் கிடையாது. எங்காவது கம்பி சிக்கினால் அந்தக் கட்டம் மட்டும் முழுக்கச் சிவப்பாகும்.

"நல்லா இருக்கற வரைக்கும் செத்த மாரி கெடக்குது," என்றார் அன்புராஜ். "கெட்டுதுன்னா மூஞ்சில அறையுது."

"அதுக்குத்தான் அண்ணா."

முதலாளி ஆதிநாராயணனுக்கு அது பிடிக்கவில்லை. ஆபீஸ் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டியபோது கிட்டே போய்ப் பார்த்தார். இளம் வயதில் இடுக்கி பிடித்து வேலை செய்தவர். காதிலிருந்து தோள் வரைக்கும் பழைய தீக்காயம் பளபளத்தது.

"இன்னாம்மா இது, எழவு ஊடு மாரி கீது?"

"சார், அது வேணும்னுதான் அப்படி..."

"என் கம்பிய எப்டி விக்கறேன் தெரியுமா? முனையில செகப்பு பெயிண்ட் அடிச்சு. தடா தாண்டி நாயுடுபேட்ட வரைக்கும் செகப்பு முனைன்னு சொன்னா கடக்காரன் எடுத்துக் குடுப்பான். அந்தச் செகப்பு எங்க? நம்ம பேரு எங்க? தங்க கலர்ல பேரு ஓடணும், சுத்தி பார்டரு வரணும்."

"செகப்ப ஆபத்துக்குன்னு வெச்சிருக்கேன் சார். எல்லா எடத்துலயும் செகப்பு இருந்தா ஆபத்து வரும்போது கண்ணுக்குத் தெரியாது."

"என் மில்லுல செகப்புன்னா ஆபத்து இல்லம்மா," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "செகப்புன்னா நானு."

காரில் திரும்பும்போது தானியேல் சொன்னார்: "அவர் கேக்கறதைக் குடுத்துடு ஹுமைரா. திறப்பு விழாவுக்குப் பெரிய பார்ட்டிங்க வர்றாங்க, அவங்க முன்னாடி பேர் ஓடணும்னு ஆசைப்படுறார். விழா முடிஞ்சதும் மாத்திக்கலாம்."

அவள் வரைந்தாள். தலைப்பில் சிவப்புப் பட்டை. கட்டங்களுக்குச் சிவப்புக் கரை. ஓயாமல் ஓடும் தங்க எழுத்து. ஆபத்துக்கு மஞ்சள் வைத்துப் பார்த்தாள், தங்கத்தோடு கரைந்து போனது. கடைசியில் பழைய சிவப்பையே மினுக்க வைத்தாள். அன்புராஜைத் திருப்பி உட்கார வைத்துக் கேட்டபோது அவர் தடுமாறினார்.

"தெரில மேடம். ஓடற எழுத்து மேலயே கண்ணு போவுது."

திரும்பக் கேட்டாள். இரண்டாவது என்றார். அது நான்காவது.

போனில் தானியேலிடம் சொன்னாள். "பழகிடும்," என்றார் அவர். ஹுமைரா போனை வைத்தாள். பிறகு ஃபைலை அனுப்பிவிட்டாள்.

திறப்பு விழா அன்று காலை மானிட்டருக்கு மாலை போட்டு, மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட விருந்தாளிகள் நடைபாலத்தில் நின்றார்கள். அன்புராஜ் புது யூனிஃபார்மில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஹுமைரா கேபின் சுவரோரமாக நின்றாள். முதல் கம்பிகள் ஒழுங்காக ஓடின. விருந்தாளிகள் கை தட்டினார்கள். கலியன் நடைபாலத்தைப் பார்த்துத் திரும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அடுத்த கம்பியின் முனை நான்காவது உருளைகளுக்குள் மாட்டிக்கொண்டது. உள்ளே சிக்கியது கேபினிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்கிரீனில் அந்தக் கட்டம் சிவப்பாகி மினுக்கியது. தலைப்பும் சிவப்பு, கரைகளும் சிவப்பு, மேலே தங்க எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அன்புராஜ் குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தார், நிமிர்ந்தார். அவர் பார்ப்பதை ஹுமைரா கவனித்தாள். அவர் கண்ணில் எதுவும் படவில்லை.

பின்னால் வந்த கம்பிக்குப் போக வழியில்லை. அது உருளைகளின் வாயிலிருந்து மேலே பொங்கி வளைந்தது. அன்புராஜ் கத்திக்கொண்டே நிறுத்தும் பொத்தானைக் குத்தினார். அதற்குள் வளையம் கலியனின் இடுப்பில் விழுந்து இறுகியது. இன்னொரு சுற்று தொடையில். சட்டை எரிந்தது தெரியும் முன்னே சதை எரிந்தது. அவன் போட்ட சத்தம் மில் சத்தத்தையும் தாண்டிக் கேபின் கண்ணாடிக்குள் வந்தது.

முதலில் பாய்ந்தவர் ஆதிநாராயணன்தான். நடைபாலத்தின் கைப்பிடியைத் தாண்டிக் குதித்து, இடுக்கி எதையும் தேடாமல், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை. மற்றவர்கள் இடுக்கியோடு வந்து கம்பியை விரித்துக் கலியனை வெளியே எடுத்தபோது அவன் சத்தம் நின்றிருந்தது. வாய் மட்டும் திறந்து மூடியது.

அவனை வேனில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பியதும் கீழே இருந்தவர்கள் மேலே பார்த்தார்கள். படிக்கட்டு அதிர்ந்தது. கேபின் கதவு பிடுங்கிக்கொண்டு உள்ளே விழுந்தது.

"தூங்கினியாடா? சரக்கு போட்டுக்கினு வந்தியா?"

"இல்லடா, தெரிலடா, சாமி சத்தியமா தெரில..."

முதல் குத்து அன்புராஜின் வாயில் விழுந்தது. பிறகு யார் அடிக்கிறார்கள் என்று பார்க்க முடியவில்லை. நாற்காலியால் அடித்தார்கள், பூட்ஸ் காலால் மிதித்தார்கள். காலையில் அவரோடு ஒரே ரயிலில் சீட்டுக்கட்டு ஆடிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஹுமைரா அவர் மேல் குனிந்து விழுந்தாள்.

"அவர் மேல தப்பில்ல, ஸ்கிரீன்ல தெரியல, நான் வெச்ச கலர்தான்..."

யாரோ அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார்கள். காதுக்குள் ஊ என்று சத்தம் கேட்டது. அவள் எழுவதற்குள் ஒருவன் கம்பி இழுக்கும் நீளக் கொக்கியைச் சுழற்றினான். அது அன்புராஜின் இடது கண்ணில் பட்டது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் சரிந்தார். விரல் இடுக்கில் வழிந்ததைப் பார்த்ததும்தான் அடி நின்றது. அடித்தவர்களில் ஒருவன் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

போலீஸ் வந்தது. கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு நின்ற ஆதிநாராயணன், "ஓட்டறவன் கவனிக்கல. நல்ல ஆளுதான். இன்னிக்கி கவனிக்கல," என்றார். அன்புராஜின் கண்ணில் துண்டைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். ஹுமைரா ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள்.

"நீ யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்த ஸ்கிரீன வரைஞ்சவ."

"படம் வரையறவளா? தள்ளி நில்லும்மா."

பிற்பகலில் விருந்தாளிகள் இன்னும் ஆபீசில்தான் இருந்தார்கள். உலையில் இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. நின்றால் உலையே வீணாகிவிடும் என்று சொல்லி ஆதிநாராயணன் மில்லைத் திரும்ப ஓட்டச் சொன்னார். வேறு ஒருவனைக் கேபினில் உட்கார வைத்தார்கள். கூலிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். நான்காவது உருளைகளின் பக்கத்தில், கலியன் நின்ற இடத்தில், மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஒரு ஒடிசாக்காரனை நிறுத்தினார்கள்.

ஹுமைரா தானியேலைத் தேடிப் போனாள். அவர் படிக்கட்டுக்கு அடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், பழைய ஸ்கிரீன் என் லேப்டாப்புல இருக்கு. கொஞ்ச நேரம் போதும், மாத்திடறேன். அதுக்கப்புறம் ஓட்டட்டும்."

"பைத்தியமா உனக்கு? இப்போ ஒரு கலர மாத்தினாலும் தப்பு நம்ம மேலன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. போலீஸ் கேஸ் ஆயிருக்கு. எதையும் தொடாத."

"நம்ம மேலதான சார் தப்பு?"

தானியேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் புள்ளைங்க இருக்காங்க ஹுமைரா. ஊட்டுக்குப் போ."

அவள் ஆபீசுக்குள் போய் ஆதிநாராயணனிடமும் கேட்டாள். விருந்தாளிகள் முன்னிலையில் கேட்டாள். அவர் எழுந்து வந்து, கட்டுப் போட்ட கையால் அவளை வெளியே தள்ளினார். தள்ளிய வலியில் அவர் முகம்தான் கோணியது.

"என் ஆளும்மா அவன். நெல்லு நடப் போறேன்னு வந்து நிப்பான், திட்டி அனுப்புவேன். அவன நான் இழுத்துப் போட்டேன். நீ வந்து கலரு பத்தி பேசறியா?"

கீழே உலை ஆள் கையைத் தூக்கிச் சைகை காட்டினான். சங்கு ஊதியது.

ஹுமைரா படி ஏறினாள். கேபின் வாசலில் அந்தக் கொக்கி கிடந்தது. தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. புதிதாக உட்கார்ந்திருந்தவன் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து விலகினான். முதல் அடி மாலை மேல் பட்டு வழுக்கியது. இரண்டாவது அடியில் கண்ணாடி விரிசல் விட்டது. உள்ளே சிவப்பும் தங்கமும் மை கொட்டியதுபோலக் கலங்கி, கறுத்தது. பக்கத்து மானிட்டரையும் அடித்தாள். கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தகரம் உள்ளே போகும் வரை அடித்தாள். மாதக்கணக்கில் உட்கார்ந்து அவளே இழை இழையாக வரைந்தது அது. அடிக்கும்போது அழவில்லை. மூச்சு மட்டும் விசில் போல வந்தது.

ஆதிநாராயணன் ஓடி வந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அவள் கொக்கியை விடவில்லை. அவர் அவள் மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்து முழங்கையால் அழுத்தினார். உள்ளே ஏதோ முறிந்தது. கொக்கி விழுந்தது. பிறகு அவர் அறைந்தார். கட்டுத் துணி அவிழ்ந்து, அவர் உள்ளங்கை ரத்தம் அவள் கன்னத்தில் ஒட்டியது. மறுபடி கையை ஓங்கியவர், உடைந்து கிடந்ததைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார்.

"எனக்கு இன்னாமா பண்ண நீ," என்றார். "இன்னாமா பண்ண."

கீழே கம்பி எதுவும் வரவில்லை. மண்மேல் நின்ற ஒடிசாக்காரன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலியன் சென்னை போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டான் என்று சாயங்காலம் செய்தி வந்தது. அப்போது ஹுமைரா போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கிரீன் எப்படி இருந்தது, எப்படி ஆனது, சோதனையில் அன்புராஜுக்குத் தெரியவில்லை என்பது, தெரிந்தும் அனுப்பியது. இந்தத் தடவை அவர் எழுதிக்கொண்டார். பழவேற்காட்டிலிருந்து வாப்பா வந்தார். மகளின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து, "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் வாப்பா."

"அப்போ கையக் காட்டப் போலாம்."

மில் சில வாரங்கள் ஓடவில்லை. திரும்ப ஓடியபோது பழைய சுவிட்சு மேசையைத்தான் போட்டு ஓட்டினார்கள். அன்புராஜைப் போலீஸ் விட்டுவிட்டது. இடது கண் போய்விட்டது, கேபின் வேலைக்கு யாரும் எடுக்கவில்லை. கவரைப்பேட்டை ரோட்டில் பஞ்சர் கடை வைத்தார். அவரை அடித்தவர்களில் இருவர் தினமும் அங்கே வந்து ஜாக்கி தூக்கிக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அவர்களோடு பேசவும் இல்லை. தானியேலின் கம்பெனி ஹுமைராவை வேலையிலிருந்து நீக்கியது. கலியன் சாவுக்கான வழக்கில் ஆதிநாராயணன், தானியேல், ஹுமைரா மூவரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். மிஷினை உடைத்த வழக்கில் ஹுமைரா மட்டும். பொன்னேரி கோர்ட்டுக்கு அவள் இரண்டுக்கும் போய் வந்தாள். கை கூடியது, ஆனால் பென்சிலை முன்போல அழுத்திப் பிடிக்க முடியவில்லை.

மூன்றாவதோ நான்காவதோ வாய்தா அன்று கோர்ட்டு வராந்தாவில் கலியனின் மனைவி பூவம்மாள் அவள் முன் வந்து நின்றாள். நடவு முடித்துக் கழுவிய கால், நகத்தில் இன்னும் சேறு இருந்தது.

"நீதான் அந்தப் படம் போட்டவளா?"

"நான்தாங்க."

"அந்தக் கலரு வேணாம்னு உனுக்குத் தெரியுமாமே. வக்கீலு சொன்னாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினு ஏன் வெச்ச?"

ஹுமைராவுக்குப் பல பதில்கள் இருந்தன. முதலாளி கேட்டார், தானியேல் சொன்னார், விழா முடிந்ததும் மாற்றலாம் என்று இருந்தது.

"மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

பூவம்மாள் ஓங்கி அறைந்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இன்னொரு அறை. ஹுமைரா கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. மூன்றாவதாக ஓங்கிய கை நடுவில் நின்று, அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. பிடி இறுகியது. வலித்தது. பூவம்மாளுக்கு நிற்க முடியவில்லை என்பது ஹுமைராவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்ல கையால் அவளைத் தாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே இருந்து வழக்கு எண்ணைக் கூப்பிடும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.